தேவை: தோள் குறுகிய ஒரு புல்டோசர்

மலைமேல் ஏறாத கோடையைச் சாய்ராகான் கோடைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கல்யாணமாகி தெரெக் கிராமத்துக்கு வந்த நாளிலிருந்து, மே மாதம் முடிவதற்குள் குதிரைகளை ஓட்டிக்கொண்டு ஜைலூ என்கிற மலை மேய்ச்சல் வெளிக்குப் போய்விடுவாள். அங்கேதான் புல், அங்கேதான் காற்று. கூடாரம் போட்டு, பெண்குதிரைகளைக் கறந்து, தோல்பையில் ஊற்றிக் கடைந்து புளிக்கவைத்துக் குமிஸ் ஆக்குவாள். அவள் குமிஸைக் குடித்தவன் இன்னொரு வீட்டுக் கிண்ணத்தைத் தொடமாட்டான். தொட்டால் அவன் நாக்கில் கோளாறு. இதில் பேச்சுக்கே இடமில்லை.

அப்படிப்பட்டவள் இரண்டு கோடையாகக் கீழேயே கிடந்தாள். காரணம், மலை சரிந்து பாதையில் விழுந்ததுதான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வருகிற வளைவில், வீடு அளவுப் பாறைகளும் மண்ணும் வேரோடு பிடுங்கின தேவதாருவும் வந்து உட்கார்ந்துகொண்டன. ஆள் ஏறிப் போகலாம், ஆடுகூட ஏறலாம். குட்டியோடு இருக்கிற குதிரை ஏறாது. கூடாரச் சாமானை ஏற்றின வண்டி சத்தியமாக ஏறாது.

கீழே குதிரைகளுக்கு ஈ மொய்த்தது, மடி வற்றியது. குளிர்காலத்துக்கு வைக்கோலாகவேண்டிய புல்லை ஊர் மாடுகளெல்லாம் கோடையிலேயே மேய்ந்து தீர்த்தன. உன் மாடு என் மாடு என்று ஊரில் ஓயாத சண்டை. சாய்ராகானின் மகன் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். இரண்டாம் கோடையும் வீணானபோது அவன் போனில் சொன்னான்: "அம்மா, வைக்கோல் வாங்கிப் போட்டே நாம அழிஞ்சுடுவோம். வர்ற வருஷமும் பாதை திறக்கலேன்னா குதிரைகளை வித்துடு. கேட்கிறவன் தயாரா இருக்கான்."

கேட்கிறவன் யார் என்று அவளுக்குத் தெரியும். இறைச்சிக்கு வாங்குகிறவன். அவள் "சரி" என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குப் போய், முன்னோடியான சாம்பல் குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

வசந்தம் வந்ததும் மாவட்டத்திலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய மண்தள்ளும் இயந்திரத்தை அனுப்பினார்கள். பாலத்தருகே வந்து நின்றது. அதன் ஓட்டுநர் இறங்கினான், பாலத்தைப் பார்த்தான், தன் இயந்திரத்தைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். எங்கள் பாலம் மரப்பாலம். மெலிந்த மனிதர்களுக்காக மெலிந்த மனிதர்கள் கட்டினது. "இதுமேல இதை ஏத்தினா, இது, பாலம், நான் மூணும் ஆத்துல" என்றான். நியாயமான மனிதன். தேநீரும் ரொட்டியும் கொடுத்து அனுப்பினார்கள்.

அப்போதுதான் தோகோன் வாயைத் திறந்தான். தோகோன், சாய்ராகானின் செத்துப்போன புருஷனுக்குத் தம்பி. கூட்டுப்பண்ணைக் காலத்தில் சங்கிலி டிராக்டர் ஓட்டினவன். அதை நாளுக்கு ஒருமுறையாவது சொல்லாமல் சாப்பிடமாட்டான்.

"அண்ணி, இந்தப் பாலத்துல போறதுக்குன்னே பொறந்தது ஒண்ணுதான். டிடி எழுபத்தஞ்சு. முன்னால மண் தள்ளுற தகடு போட்டது. தோளும் குறுகல், எடையும் கம்மி. அந்தக் காலத்துல நான் இந்தப் பாலத்துமேல கண்ணை மூடிக்கிட்டு ஓட்டினேன்."

"கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஓட்டியிருப்பீங்க சின்னவரே. குடிச்சிருந்தா கண்ணு எப்படித் திறக்கும்? அந்த டிராக்டருங்க இப்போ எங்கே?"

"எங்கே... நாமதான் தின்னுட்டமே. பண்ணை உடைஞ்ச வருஷம் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டு, மாவு வாங்கித் தின்னோம்."

எல்லா ஊரும் அப்படித்தான் தின்றிருந்தது. அந்த டிராக்டர் இப்போது மலைச்சிறுத்தை மாதிரி. எங்கேயோ இருக்கும், யாரும் பார்த்ததில்லை.

மருமகள் ஐசிரெக்தான் வழி சொன்னாள். அவள் பழைய குழந்தைச் சட்டைகளைப் போன் சந்தையில் படம்போட்டு விற்பவள். "அத்தை, விக்கறதுக்கு மட்டும் இல்லை. 'தேவை'ன்னு ஒரு பக்கம் இருக்கு. கிடைக்காத சாமானைக் கேட்டு எழுதிப் போடலாம். நாடு பூரா பார்க்கும்."

"எழுது" என்றாள் சாய்ராகான், மாவு பிசைந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

எங்கள் பக்கத்தில் காணாமல்போன குதிரையை எப்படித் தேடுவார்களோ அப்படித்தான் அவள் சொன்னாள். நிறம், உடம்பு, குணம், கண்டுசொன்னவருக்கு நற்செய்திக் காணிக்கை. சந்தோஷச் சேதி கொண்டுவருகிற வாயை வெறுமனே அனுப்பக்கூடாது. அந்தக் காணிக்கைக்கு சூயின்ச்சி என்று பெயர்.

"அத்தை, இதுல இப்படியெல்லாம் எழுதமாட்டாங்க. எந்த வருஷம், எத்தனை மணி நேரம் ஓடினது, அவ்வளவுதான்."

"நீ எழுதுடி. கேட்கிறவ நான்."

அந்த விளம்பரத்தை ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். 'தேவை: மண் தள்ளும் சங்கிலி டிராக்டர், டிடி எழுபத்தைந்து. நிறம் எதுவானாலும் சரி. தோள் குறுகலாக இருக்கவேண்டும், எங்கள் பாலம் ஒல்லி. வயதானதானாலும் பரவாயில்லை, நாங்களும் அப்படித்தான். முன்கோபி ஆனாலும் பழக்கிக்கொள்வோம். செத்தது வேண்டாம். இருக்கும் இடம் சொல்பவருக்கு சூயின்ச்சி, ஒரு வயதுக் குதிரைக்குட்டி.'

குட்டி என்று போட்டதுதான் வினை. நாட்டில் கண்ணுள்ளவனெல்லாம் எழுதினான். ஒருவன் ஆடுகள் ஏறி நிற்கிற வெறும் இரும்புக் கூட்டைப் படமெடுத்து அனுப்பினான். ஒருவன் பொம்மை டிராக்டரை மணலில் வைத்து எடுத்திருந்தான். தெற்கிலிருந்து ஒருத்தர், சின்ன வயதில் தன் பாட்டனாரின் ஊரில் ஒன்றைப் பார்த்த ஞாபகம் இருப்பதாகவும், குட்டியை எந்த வண்டியில் ஏற்றிவிடப் போகிறார்கள் என்றும் கேட்டிருந்தார். ஐசிரெக் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒன்றைப் படித்தாள்: "'டிராக்டர் என்னிடம் இல்லை. ஆனால் நான் இருக்கிறேன். மனைவி இறந்துவிட்டாள். தோள் குறுகல்தான்.'"

"வயசு என்னவாம்?"

"அறுபத்தெட்டாம் அத்தை."

"நான் செத்தது வேண்டாம்னுதானே எழுதச் சொன்னேன்" என்றாள் சாய்ராகான். தோகோன் தேநீரை மூக்கால் குடித்தான்.

சிரித்தார்களே தவிர, ஆப்பிள் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. இறைச்சிக்காரன் ஒருநாள் வந்து வேலிக்கு வெளியே நின்று குதிரைகளைக் கண்ணாலேயே எடைபோட்டுவிட்டுப் போனான்.

அவன் போன அன்று சாயங்காலம் ஒரு படம் வந்தது. வாதுமை மரத்தடியில் சிவப்பாக ஒன்று நின்றது. மேல்மூடியில் மூன்று கோழிகள் உட்கார்ந்திருந்தன. முன்னால் தகடு இருந்தது. தோகோன் போனைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்து, "அதேதான்!" என்று கத்தினான்.

கூடவே இரண்டு வரி: 'இருக்கிறது. விற்பதாக இல்லை. இடம், பெரிய ஏரியின் தென்கரை. இடம் சொல்லிவிட்டேன், குட்டி எனக்குத்தானே? ஒமுர்சாக்.'

"தன் டிராக்டர் இருக்கிற இடத்தைத் தானே சொல்லிட்டு குட்டி கேட்கிறான் பாரு!" என்றான் தோகோன்.

சாய்ராகானுக்கு அந்த ஆளை அப்போதே பிடித்துப்போனது. புகைபோட்ட குதிரைக்கறித் தொடை ஒன்றையும், மூட்டை நிறைய பொரித்த ரொட்டியையும் எடுத்துக்கொண்டு, கொழுந்தனையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஒமுர்சாக் எழுபதைத் தாண்டினவர், வாதுமைத் தோட்டக்காரர். தாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருந்தது. அவர் மனைவி பாத்மா வாசலுக்கே ஓடிவந்து சாய்ராகானின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போயிடும்மா தாயே. நான் துணி காயப்போடக் கம்பி கட்டணும்னா அது குறுக்க நிக்குது. ராசாவுக்கு ஒரு சேவகன் மாதிரி அதுக்கு ஒரு சேவகன், இந்த மனுஷன். வாரம் தவறாம எழுப்பி, பேசி, தூங்கவச்சுட்டு வரார்."

"விக்கறதா இல்லைன்னு எழுதிட்டேனே" என்றார் கிழவர்.

"வந்தவங்களுக்கு தேநீர் உண்டுல்ல பெரியவரே?" என்றாள் சாய்ராகான். "விக்காத டிராக்டரைப் பத்தி தேநீர் குடிச்சுக்கிட்டே பேசலாம்."

பேசினார்கள். எங்கள் ஜனங்கள் பேச உட்கார்ந்தால் எடுத்த எடுப்பில் காரியத்துக்கு வருவது அவமரியாதை. ஏழு தலைமுறைப் பெயரும் சொல்லி, குளிர்காலம் எப்படி, ஆடுகள் எத்தனை குட்டி என்று எல்லாம் ஆனபிறகு, சாய்ராகான் தன் குதிரைகளைப் பற்றிச் சொன்னாள். அழவில்லை. ஒவ்வொன்றின் பேரும் குணமும் மட்டும் சொன்னாள். சாம்பல் குதிரை பாலத்தை முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கால் வைக்கும் என்று சொன்னாள். கிழவர் தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"வா தங்கச்சி. எழுப்பிக் காட்டறேன்."

அந்த டிராக்டரில் இரண்டு எஞ்சின். சின்னது பெட்ரோலில் எழும்பும். எழும்பிப் பெரியதை எழுப்பும். கிழவர் கயிறு சுற்றி ஒரு இழுப்பு இழுத்தார். சின்னது கிழவன் தும்முவதுபோல் தும்மிக் கத்தியது. பிறகு பெரியது கனைத்துப் புகை விட்டது. கோழிகள் மரத்துக்குப் பறந்தன. பூ உதிர்ந்து எல்லோர் தலையிலும் விழுந்தது.

தோகோன் நடுவில் நின்று இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கினான். சந்தையில் தரகன் செய்வதுபோல, விலை படிகிறவரை விடவில்லை. "இன்னும் கொஞ்சம் இறங்குங்க பெரியவரே! அண்ணி, இன்னும் கொஞ்சம் ஏறு!" தோள் கழன்றுவிடும் போலானபோது படிந்தது. தெரெக்கின் ஒவ்வொரு வீடும் ஆட்டையோ காளையையோ விற்றுச் சேர்த்த பணம் கைமாறியது. குட்டியும் உண்டு என்று கிழவர் ஞாபகப்படுத்தினார்.

அப்புறம் அவர் ஒன்று செய்தார். குதிரையை விற்றவன் அதன் வாய் எச்சிலைத் தன் சட்டை ஓரத்தில் துடைத்துக்கொள்வான், வீட்டின் பரக்கத், அந்த நல்லருள், அதோடு போய்விடக்கூடாது என்று. ஒமுர்சாக் குனிந்து, எஞ்சினில் கசிந்த எண்ணெயைத் தன் அங்கியின் ஓரத்தில் துடைத்துக்கொண்டார். பாத்மா தலையில் அடித்துக்கொண்டாள். "யார் துவைக்கிறது?"

"முறை தெரிஞ்ச மனுஷர்" என்று சாய்ராகான் கொழுந்தன் காதில் மெச்சினாள்.

மறுநாள் காலை டிராக்டரை ஏற்ற ஒரு தட்டை லாரி வந்தது. கிழட்டு டிராக்டரைத் தானாக ஏறவிட அந்த லாரிக்காரன் சம்மதிக்கவில்லை. இரும்புக் கயிறு போட்டு இழுத்து ஏற்றினான். அதற்குள் கிழவர் அதன் பக்கத்தில் ஏதோ குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். விடைபெறுகிறார் என்று நினைத்து யாரும் கிட்டப் போகவில்லை. பிரிகிறபோது கண்ணைத் துடைத்துக்கொண்டது உண்மை. ஒரு கையால் துடைத்தார். இன்னொரு கை அங்கிப் பைக்குள் இருந்தது.

தெரெக்கில் கல்யாணப் பெண் வந்து இறங்குவதுபோல் வரவேற்பு. ஐசிரெக் டிராக்டர்மேல் மிட்டாயும் ரொட்டித் துண்டும் அள்ளி வீசினாள். பிள்ளைகள் சங்கிலிக்கு அடியில் புகுந்து பொறுக்கின. தோகோன் எண்ணெய் தடவித் தலையை வாரிக்கொண்டு வந்து, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று உறுதி செய்துகொண்டு, கயிற்றைச் சுற்றி இழுத்தான்.

ஒன்றுமில்லை.

மறுபடி இழுத்தான். சட்டையைக் கழற்றிவிட்டு இழுத்தான். கூட்டத்திலிருந்து ஒருவன், "கண்ணை மூடிக்கிட்டு இழு தோகோன், அப்பத்தான் உனக்கு வரும்" என்றான். தோகோன் சின்ன எஞ்சினின் பக்கத்தில் குனிந்து பார்த்தான். தீப்பொறி தருகிற கறுப்பு உருண்டை, மாக்னெட்டோ, இருக்கவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு ஓட்டை. ஓட்டை சுத்தமாகத் துடைத்து, எண்ணெய்த் துணி வைத்து அடைக்கப்பட்டிருந்தது.

"திருட்டுக் கிழவன்!" என்று குதித்தான்.

"வாயை மூடுங்க சின்னவரே. அவர் வீட்டு உப்பைத் தின்னோம். வழியில குலுங்கி விழுந்திருக்கும்."

"விழுந்தது தானே துணி வச்சு அடைச்சுக்கிட்டா விழும்?"

"லாரிக்காரன் அடைச்சிருப்பான். பழி போடாதீங்க!" அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

ஊரின் சக்கர டிராக்டரைக் கட்டி இழுத்து எழுப்பப் பார்த்தார்கள். அது முன்னங்கால் தூக்கிப் பயந்த குதிரை மாதிரி நின்றது. கயிறு அறுந்தது. சிவப்புக்காரன் இம்மியும் அசையவில்லை. ஜூன் பிறந்துவிட்டது. இறைச்சிக்காரனிடமிருந்து மகனுக்குப் போன், மகனிடமிருந்து அம்மாவுக்குப் போன். சாய்ராகான் எடுக்கவில்லை.

"இன்னொண்ணு எழுது" என்றாள் மருமகளிடம். "தேவை, டிடி எழுபத்தஞ்சு சின்ன எஞ்சினுக்கு மாக்னெட்டோ. அவசரம். அவ்வளவுதான் எழுது. குட்டி கிட்டின்னு எதையும் போடாதே."

தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்தது. ஐசிரெக் படத்தைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், போனை நீட்டினாள். வெள்ளையடித்த சுவர், நிலைக்கு மேலே வரிசையாக ஆணிகள். ஆணிகளில் குதிரைத் தலைக்கயிறுகள், தேய்ந்து மெருகேறினவை. கடைசி ஆணியில் நீலக் கம்பளி நூல் கட்டி ஒரு கறுப்பு உருண்டை தொங்கியது. கீழே எழுதியிருந்தது: 'இருக்கிறது. விற்பதற்கில்லை. ஒமுர்சாக்.'

சாய்ராகான் போன் போட்டாள்.

"யாரு, தங்கச்சியா? டிராக்டர் சௌக்கியமா?"

"பெரியவரே, மாக்னெட்டோ எங்கே?"

"ஆணியில."

"அது என் டிராக்டரோடதுல்ல?"

"டிராக்டர் உன்னோடது. கயிறு என்னோடது. ஏம்மா, நீ குதிரையே வித்ததில்லையா? வித்தா தலைக்கயிறையும் சேர்த்துக் கொடுத்துடுவியா?"

கிழவர் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஐசிரெக்கும் தோகோனும் மெதுவாகத் தலையைத் திருப்பி நிலைக்கு மேலே பார்த்தார்கள். அவள் இதுவரை விற்ற குதிரைகளின் கயிறெல்லாம் அங்கே வரிசையாகத் தொங்கின. ஒருமுறை தோகோன் ஒரு பழுப்புக் குதிரையைக் கயிற்றோடு விற்றுவிட்டு வந்ததற்கு, சந்தைவரை துரத்திக்கொண்டு போய்க் கயிற்றை மீட்டு வந்தவள் அவள்.

"டிராக்டருக்கு ஏதுய்யா கயிறு?" என்றாள் கடைசியில், சன்னமாக.

"எதைப் பிடிச்சு எழுப்பறோமோ அதுதான் கயிறு. இருபது வருஷம் என் வாசல்ல நின்னது அது. அது நின்ன நாள்ல என் தோட்டம் ஒரு வருஷம் பொய்க்கலை. வாங்க வர்றவ தன் கயிறோட வரணும். நீ முறை தெரிஞ்சவளாச்சேன்னு நானும் சும்மா இருந்தேன். வெறுங்கையோட வந்தது யாரு?"

வெறுங்கையோடு போனது அவள்தான். குதிரை வாங்கப் போயிருந்தால் கயிறில்லாமல் போயிருப்பாளா? இரும்பு என்று ஏமாந்துவிட்டாள்.

போனை வைத்ததும் தோகோன் பிடித்துக்கொண்டான். "யானையை வித்துட்டு அங்குசத்துக்கு வம்படிக்கிறாரு! பணம் வாங்கினார்ல? போலீஸ்ல சொல்லுவோம் அண்ணி."

"என்னன்னு சொல்லுவீங்க? ஒரு மனுஷன் தன் வீட்டு பரக்கத்தை ஆணியில மாட்டி வச்சிருக்கார், பிடுங்கிக் குடுங்கன்னா? நான் வச்சிருக்கிறதை எல்லாம் அப்புறம் யார் வந்து பிடுங்கறது?"

"அப்ப குதிரை?"

வேறு மாக்னெட்டோவுக்கு விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கிழவரின் படத்துக்குக் கீழே ஒரு ஈகூட வந்து உட்காரவில்லை.

மறுநாள் காலை கறவையின்போது, சாம்பல் குதிரையின் மடிக்கடியில் ஒரு முழங்கால் ஊன்றி உட்கார்ந்திருந்தவள் சட்டென்று கறப்பதை நிறுத்தினாள். கையில் பால் வழிய, ஐசிரெக்கைப் போன் பிடிக்கச் சொன்னாள்.

"பெரியவரே, ஒரு முறை கேட்கணும். வித்தவன் கயிறு வித்தவன் கையை விட்டுப் போகக்கூடாது. சரிதானே?"

"சரி."

"அந்தக் கை எங்கேயும் போகக்கூடாதுன்னு முறை இருக்கா?"

அந்தப் பக்கம் பாத்மாவின் சிரிப்பு கேட்டது. "போய்யா, போ! வாசல்ல நின்னுக்கிட்டு அது நின்ன இடத்தையே பார்த்துக்கிட்டிருக்கே!"

கிழவர் தொண்டையைக் கனைத்தார். "என் கைக்கென்ன. முறையா யாராவது அழைச்சா எங்க வேணும்னாலும் போகும்."

"அழைக்கிறேன். ரெண்டு பேரும் விருந்தாளியா வாங்க. மரியாதைக்கு ஒரு ஆடு வெட்டறேன்."

"ஆடு எங்ககிட்டயும் இருக்கு. குமிஸ் உண்டா?"

"இருக்கு."

"கீழ கறந்ததா?"

"வேற எங்க கறக்கிறது?"

"கீழ கறந்தது தண்ணிம்மா. மேல கறந்ததுன்னா வரேன்."

"யோவ் பெரியவரே!" சாய்ராகானுக்குப் பொறுமை போய்விட்டது. "மேல கறக்கணும்னா மேல போகணும், மேல போகணும்னா பாதை திறக்கணும், பாதை திறக்கணும்னா உன் கயிறு வரணும்! வரியா, இல்லை நான் வந்து தூக்கிட்டு வரட்டுமா?"

"வரேன் வரேன்" என்றார் ஒமுர்சாக், சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷமாக.

வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். பாத்மா கையில் உலர்ந்த வாதுமைப்பழ மூட்டை. கிழவர் மடியில், கம்பளித் துண்டில் பிள்ளையைச் சுற்றினதுபோல் மாக்னெட்டோ. யாரையும் தொடவிடவில்லை. தானே பொருத்தினார், தானே கயிற்றைச் சுற்றினார். முதல் இழுப்பிலேயே கத்திக்கொண்டு எழுந்தது. ஊர் முழுக்கக் கத்தியது. தோகோன் ஓட்டுநர் இருக்கையில் தாவி ஏறினான். கிழவரும் மறுபக்கம் ஏறினார்.

"இறங்குங்க பெரியவரே. டிராக்டர் எங்களோடது."

"கயிறு என்னோடது. நகர்ந்து உட்காரு."

ஒரே இருக்கையில் இருவரும் பாதிப் பாதி உட்கார்ந்து, ஆளுக்கொரு நெம்புகோலைப் பிடித்துக்கொண்டார்கள்.

பாலத்தின் கைப்பிடிகளை முன்னமே கழற்றியிருந்தார்கள். சங்கிலிக்கு இரு பக்கமும் ஒரு கையகலம்தான் மிச்சம். ஊரே கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சாய்ராகான் யாரிடமும் கேட்கவில்லை. டிராக்டருக்கு முன்னால் போய், அதைப் பார்த்துத் திரும்பி நின்று, பாலத்தில் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். பயந்த குதிரையை ஆற்றைக் கடத்துகிறபோது எப்படி நடப்பாளோ அப்படி.

"வா... வா ராசா... அவசரம் இல்லை... வா..."

பலகைகள் முனகின. ஒரு கட்டை விரிசல் விட்டது துப்பாக்கி மாதிரி கேட்டது. "அண்ணி, தள்ளிப்போ!" என்று தோகோன் அலறினான். அவள் தள்ளவில்லை. அவளை மாதிரி பிடிவாதக்காரியை எங்கள் பள்ளத்தாக்கு பார்த்ததில்லை. சிவப்பு மூக்கு அவள் வயிற்றை முட்டாத குறையாக ஊர்ந்து ஊர்ந்து வந்து, கடைசிப் பலகையைத் தாண்டி மண்ணில் சங்கிலியை ஊன்றியது. அவள் அதன் மூக்கில் தட்டிக்கொடுத்தாள். கை சுட்டுப்போனது. அப்போதும் சிரித்தாள்.

அப்புறம் சரிவைத் தின்கிற வேலை. பகலெல்லாம் இரண்டு கிழட்டு ஓட்டுநர்களும் சண்டை. "தகட்டை இறக்கு!" "எனக்குத் தெரியும்!" "உனக்குத் தெரிஞ்சதுதான் தெரியுதே!" பாறைகள் ஆற்றில் விழுந்த ஒவ்வொரு முறையும் கரையில் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். வேலை முடிந்ததும் கிழவர் மாக்னெட்டோவைக் கழற்றித் துண்டில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவார். தோகோன் ஒருமுறை, "குறட்டை விடறப்பவாவது அதைத் தள்ளி வையுங்க" என்றான்.

அந்த உருண்டை இப்போதும் கிழவர் வீட்டு ஆணியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் சாய்ராகான் முறையாக அழைக்கவேண்டும். அழைத்தால் புருஷனும் பெண்டாட்டியும் வந்து, குளிர்காலம் தள்ளின மண்ணை வழித்துவிட்டு, குமிஸ் குடித்துத் தொப்பை போட்டுக்கொண்டு இலையுதிரும்போது திரும்புவார்கள். வேறு மாக்னெட்டோ வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. அப்படிக் கேட்கிறவர்களைச் சாய்ராகான் தன் நிலைக்கு மேலே தொங்குகிற கயிறுகளைப் பார்க்கச் சொல்வாள்.

ஆனால் அந்த முதல் வருஷம் மேலே போன நாளைச் சொல்லாமல் விட்டால் ஒன்றுமே சொன்னதாகாது. கடைசிப் பாறை உருண்டபோது நடுப்பகல். மகனுக்குப் போன் போட்டு, "இறைச்சிக்காரனை உருளைக்கிழங்கு வாங்கிக்கச் சொல்லு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். நாளைக் காலை கிளம்பலாம் என்று ஊர் தீர்மானித்தது. அவளோ கூடாரக் கம்புகளை வண்டியில் ஏற்ற ஆரம்பித்திருந்தாள்.

சாம்பல் குதிரை பாலத்தை முகர்ந்தது. டிராக்டர் போன இடத்தில் வழிந்த எண்ணெயை முகர்ந்து மூக்கைச் சுளித்தது. பிறகு கால் வைத்தது. மற்றவை பின்னால் வந்தன. புது மண் வாசனை அடிக்கிற வளைவைத் தாண்டி, ஏற்றம் ஏறி, முதல் பச்சை வெளி கண்ணில் பட்டதும் அது காதை நிமிர்த்தியது. அவ்வளவுதான், பிடிக்க முடியவில்லை. குதிரைகள் ஓடின, குட்டிகள் வாலைத் தூக்கிக்கொண்டு தாயைத் தாண்டி ஓடின, பின்னால் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த வயதில், சாய்ராகானும் ஓடினாள்.

தோகோனும் ஒமுர்சாக்கும் வண்டியோடு வந்து சேர்ந்தபோது அவள் ஒரு குட்டியைக் கம்பில் கட்டிவிட்டு, புல்லில் ஒரு முழங்கால் ஊன்றி, வாளியை இடுக்கிக்கொண்டு கறந்துகொண்டிருந்தாள். மேற்கே மேகம் கறுத்து வந்தது.

"அண்ணி! மழை வருது! கூடாரம் எங்க போடறது? யார் பிடிக்கிறது?" என்று தோகோன் கத்தினான்.

"கூடாரம் நாளைக்கும் நிக்கும். பால் இப்ப வருது. பெரியவரே, நீங்க கூடாரத்துணியோட அந்த முனையைப் பிடிங்க. சும்மா வந்து சாப்பிடவா அழைச்சேன்?"

ஒமுர்சாக் முனையைப் பிடித்தார். மழை வந்தேவிட்டது. வாளியில் பாலோடு மழையும் விழுந்தது. அவள் உடம்பைக் கவிழ்த்து வாளியை மறைத்துக்கொண்டு, கறப்பதை நிறுத்தாமல், குதிரையின் வயிற்றில் நெற்றியை வைத்து, வாய்க்கு வந்த பாட்டை உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள்.